சேற்றுக்குள் நின்றது நான்தான்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். நாலாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பழைய பழக்கம். அதோடு, நான் கிண்டல் செய்யாத ஆள் எங்கள் ஊர் கிள்ளானில் குறைவு. இதைப் படித்துவிட்டு அத்தனை பேரும் ‘நல்லா வேணும் இவனுக்கு’ என்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று பேசாமல் இருந்தேன். போன வாரம் அக்கா படகுச் சவாரி போய்விட்டு வந்து ஒரு விஷயம் சொன்னாள். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் மீன் லோரி ஓட்டுகிறவன். விடிவதற்குள் கிள்ளான் துறைமுகப் பக்கம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ், பங்சார் என்று சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசல்களில் இறக்குவேன். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். கையில் இருக்கும் வாசம் மட்டும் முடியாது. எலுமிச்சை தேய்த்தால் எலுமிச்சை போட்ட மீன் வாசம் வரும், அவ்வளவுதான்.

இங்கிலீஷ் எனக்கு வராது என்று சொல்ல மாட்டேன். வரும், ஆனால் கேட்காமல் வரும். கோவிட் சமயத்தில் லோரி வேலை நின்றுபோனபோது, நானும் அக்காவும் தெலுக் பங்லிமா காராங் தாண்டி ஒரு கால்வாயில் கூண்டு வைத்து நண்டு பிடித்தோம். அவள் அதைப் போனில் விளம்பரம் போட்டு விற்றாள். விளம்பரத்துக்கு இங்கிலீஷ் எழுதியது நான். நண்டு உயிரோடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மலாயில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஹிடுப் என்றால் முடிந்தது. நண்டும் ஹிடுப், லோரி இஞ்சின் ஓடினாலும் ஹிடுப், விளக்கு எரிந்தாலும் ஹிடுப். இங்கிலீஷ்காரனுக்குத்தான் ஒரே உயிருக்கு நாலு சட்டை. லைவ், அலைவ், லிவிங், லைவ்லி. எனக்குப் பிடித்த சட்டையை எடுத்து நண்டுக்குப் போட்டேன். ‘வெரி லைவ்லி கிராப்.’

ஒரு அம்மா பதில் போட்டார், “என்னா, டான்ஸ் ஆடுமா?”

“பாட்டு போட்டா ஆடும் ஆன்டி. டெலிவரி ஃப்ரீ.”

வாங்கிவிட்டார். அதனால் என் இங்கிலீஷில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் கூட்டாளியைப் பற்றி, அதாவது என் சிநேகிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நான் மீன் இறக்கும் ஒரு கடைக்கு ஒட்டினாற்போல் சின்ன ஹோட்டல் ஒன்று இருக்கிறது. அதன் வரவேற்பு மேசையில் அவன் வேலை செய்தான். என் வயதுதான். செந்தூல்காரன். தாத்தா காலத்திலிருந்து ரயில்வே, மாதா கோயில். அவன் வீட்டில் சண்டைகூட இங்கிலீஷில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவன், அதனால் அவன் வாயிலிருந்து வரும் இங்கிலீஷ் இஸ்திரி போட்டது மாதிரி வரும். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“பாஸ், லோரிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கெஸ்ட்டெல்லாம் ஸ்மெல்னு சொல்றாங்க.”

“சீ வியூ ரூம் கேட்டாங்கள்ல? வியூ இல்ல, ஸ்மெல் ஃப்ரீன்னு சொல்லுங்க.”

சிரித்துவிட்டான். அன்றிலிருந்து கூட்டாளி. நான் அவனை ‘வெள்ளைக்காரா’ என்று கூப்பிடுவேன். அவன் என்னை ‘கெளுத்தி’ என்பான். அப்படிப் போன பழக்கம்தான்.

ஒருநாள் போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கிள்ளான் பக்கம் பாக்காவ் என்னும் அலையாத்தி மரக்காட்டுக்குள் சுற்றுப்பயணிகளைப் படகில் கூட்டிப்போகும் ஒரு கம்பெனிக்கு வழிகாட்டி வேண்டும். ஒரே ஓர் ஆள். சான்றிதழ் முக்கியமில்லை, ஆனால் நேர்காணலில் அந்தக் காட்டையும் ஆற்றையும் பற்றிச் சொந்த அனுபவம் ஒன்றை இங்கிலீஷில் சொல்லிக் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். காரணம் எப்போதும் ஒன்றுதான், பேச்சு. இப்போது பேசுவதற்கு ஒருவன் சம்பளம் தருகிறேன் என்கிறான், அதுவும் எனக்குத் தெரிந்த சேற்றில். இந்த வேலை எனக்குத்தான் என்று முதல் தடவையாக ஒன்றைப் பார்த்து நினைத்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன்.

“எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு டா.”

“உனக்கா? நீ தமிழே ஒழுங்கா பேச மாட்ட.”

“அதான், ரெண்டுல ஒண்ணாச்சும் வரட்டும்.”

“சீரியஸா கேக்குறியா, வழக்கம்போலவா?”

“சீரியஸ் லா. ஆத்தா மேல சத்தியம். உன் மாதா மேலயும் போட்டுக்கோ.”

ஒத்துக்கொண்டான். அவன் வேலை முடிந்ததும் மத்தியான நேரத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். கூட்டம் போயிருக்கும். மேலே காத்தாடி சுற்றும். நான் தமிழில் சொல்வேன், அவன் போனில் இங்கிலீஷில் தட்டுவான்.

நான் சொன்ன கதை இதுதான். நண்டு பிடித்த அந்தக் காலத்தில் ஒரு தடவை, கடல் இறங்கிக் கால்வாய்த் தண்ணீர் வற்றிக்கிடந்தபோது, தூரத்தில் மாட்டிக்கொண்ட கூண்டை எடுக்கப் போய்த் தொடை வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டேன். இழுக்க இழுக்க உள்ளே போகிறது. அக்கா கரையில் நின்றாள். நான் அவளைப் பார்த்து, “என் போன மொதல்ல வாங்கிக்க, நான் போனாலும் அது போகக் கூடாது” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வற்றின தண்ணீர் ஏறத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். போகவும் இல்லை, வரவும் இல்லை. அந்த நேரம் அது. ஓர் இலை விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. சேற்றில் நடக்கும் சின்ன மீன்கள், பெலாச்சாக் என்போம், முழித்த கண்ணோடு என்னைப் பார்த்தன. இனித் தண்ணீர் வந்தால் எனக்கு நேரமில்லை என்று தெரியும். அக்கா, கூண்டுகளை ஏற்றி வந்த லோரியிலிருந்து மீன்பெட்டி மூடிகளை, அந்த வெள்ளைத் தெர்மக்கோல் மூடிகளை, ஒவ்வொன்றாகச் சேற்றின் மேல் தள்ளிவிட்டாள். “படுத்துக்க. மெத்தையில படுக்கிற மாதிரி படு. எந்திரிக்கப் பாக்காத” என்றாள். படுத்தேன். காலை மெல்ல மெல்ல உருவி, வயிற்றால் நீந்தி வந்தேன். கரைக்கு வந்ததும் முதலில் ஓர் அறை கொடுத்துவிட்டு, பிறகுதான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கதை தமிழில் சொல்ல ஒரு தேநீர் நேரம்தான் ஆகும். இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை.

“சேறு உயிரோட இருந்துச்சு டா. மூச்சு விடுது, குமிழி குமிழியா. லிவிங் மட்.”

“லிவிங்னா பாடப்புத்தகம். லிவிங் திங்ஸ், நான்-லிவிங் திங்ஸ். தி மட் வாஸ் அலைவ்னு சொல்லு. அப்பதான் கேக்குறவன் பயப்படுவான்.”

“அப்ப லைவ்லி?”

“லைவ்லினா உன் வாய்.”

காட்டுக்கு நான் நேச்சுரல் என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். “நேச்சுரல்னா ஷாம்பு பாட்டில்ல எழுதியிருக்கும். வைல்ட்னு போடு.”

“வைல்ட்னா புலி இருக்கணும்ல?”

“அங்க ஏதாச்சும் இருந்துச்சா?”

“எங்கக்கா இருந்துச்சு லா.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை அங்கிள் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்திருந்தன. என் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று ஒருவன் என்னோடு உட்கார்ந்து இவ்வளவு நேரம் யோசித்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

நின்ற தண்ணீருக்குத்தான் பெரிய சண்டை. அவன் குவயட் என்றான். சத்தம் இல்லாததைப் பற்றி நான் சொல்லவில்லை என்றேன். பீஸ்ஃபுல் என்றான். எனக்கு அங்கே ஒரு நிம்மதியும் இல்லை என்றேன். காம், அதாவது சாந்தம் என்றான்.

பங்சாரில் நான் மீன் இறக்கும் ஒரு பெரிய கடையில், வெயிட்டர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி கேட்பான். தண்ணீர் ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா? அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

“ஸ்டில்னு போடலாமா?” என்றேன். “தி வாட்டர் வாஸ் ஸ்டில்.”

கூட்டாளி கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். “டேய் கெளுத்தி, அது காஸ் இல்லாத தண்ணி டா! நீ ஆத்தப் பத்தி சொல்றியா, மெனுவ வாசிக்கிறியா?”

“இல்லடா, அசையாம நிக்கிதுன்னு...”

“இன்டர்வியூல இருக்கிறவங்க சிரிப்பாங்க. காம்னு சொல்லு. சேஃப்.”

இஸ்திரி போட்ட இங்கிலீஷ்காரன் சொல்கிறான். எனக்கு என்ன தெரியும்? காம் என்று வைத்துக்கொண்டோம். லோரி ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். சாலையில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தி வாட்டர் வாஸ் காம், தி வாட்டர் வாஸ் காம். பக்கத்து மோட்டார்க்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

நேர்காணல் படகுத்துறை ஓரம் இருந்த பலகை ஆபீசில் நடந்தது. நீலச் சட்டை போட்டு, சென்ட் அடித்து, மீன் வாசத்தை முடிந்த அளவு மறைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பு. ஆட்கள் சுலபமானவர்கள்போல என்று சந்தோஷப்பட்டேன். கதவு திறந்தது. ஹோட்டல் வேலைக்குப் போடும் அந்த முழுக்கைச் சட்டையோடு என் கூட்டாளி வெளியே வந்தான்.

எனக்கு முதலில் வந்தது கிண்டல்தான். என்னை வழியனுப்ப வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

“என்னா வெள்ளைக்காரா, எனக்கு முன்னாடியே வந்து சீட்டு போட்டு வச்சியா?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சும்மா ட்ரை பண்ணேன் லா. ஹோட்டல்லயும் ஷிப்ட் கொறைக்கிறாங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்ப?”

“நீ போ, கூப்பிடுறாங்க.”

உள்ளே ஒரு சீன அம்மாவும் ஒரு மலாய்க்கார அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மாதிரிதான். தண்ணீர் கொடுத்தார்கள். சொல்லச் சொன்னார்கள். ஆரம்பித்தேன். தி மட் வாஸ் அலைவ் என்ற இடத்தில் அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். மீன்பெட்டி மூடி வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வாய் நிற்கவில்லை, அவ்வளவு மனப்பாடம் செய்திருந்தேன்.

“யூ அண்ட் த லாஸ்ட் பாய், சேம் ஃபேமிலி ஆ?” என்று அந்த அம்மா கேட்டார்.

இது என் கதை, அவன் திருடிவிட்டான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டை, எந்தச் சொல் என்று யோசிப்பதற்குள் என் நாக்கு தானாக வேலை செய்துவிட்டது.

“நோ மேடம். சேம் மட்.”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, அந்த மலாய்க்கார அண்ணன் அன்பாகவே ஒன்று சொன்னார். தண்ணீரைப் பற்றிய இடத்தில் நீ காம் என்கிறாய். அவன், தி வாட்டர் வாஸ் ஸ்டில் என்றான். கேட்டபோது எங்களுக்கு மயிர் கூச்செறிந்தது. சின்னச் சொல்தான், ஆனால் உண்மையிலேயே அங்கே நின்றவனுக்குத்தான் அந்தச் சொல் வரும்.

நான் தலையாட்டினேன். “ஆமா என்சேக், நல்ல சொல்லு” என்று மரியாதையாக மலாயில் சொன்னேன். வேறு என்ன சொல்வது? சொல் நல்லதுதான். எனக்குத்தான் அது முதலில் தெரியும்.

கதையை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். எனக்கு மோசமான சொல்லைக் கொடுத்துவிட்டு நல்லதைத் தனக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டானே, அதுதான் இன்றுவரைக்கும் உள்ளே குத்துகிறது. என்னைப் பார்த்துச் சிரித்த அந்த மத்தியானத்தில் அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டானா, இல்லை வீட்டுக்குப் போன பிறகு தோன்றியதா? லோரி ஓட்டும்போது இதையே யோசித்து ஒரு தடவை பங்சார் திருப்பத்தைத் தவறவிட்டேன்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. ஹோட்டலில் கடைசி நாள் என்று கேள்விப்பட்டு, மீன் இறக்கிய கையோடு பின்சந்தில் அவனைப் பிடித்தேன்.

“என் கால் டா சேத்துக்குள்ள போனது. உன் கால் எங்க போச்சு? செந்தூல் ஸ்டேஷன் தாண்டி நீ மண்ண மிதிச்சிருக்கியா?”

“கத்தாத. கெஸ்ட் இருக்காங்க.”

“இருக்கட்டும். அவங்ககிட்டயும் இங்கிலீஷ்ல சொல்லு.”

அவன் என்னைச் சந்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். பிறகு மெதுவாக, எனக்கு நியாயம் சொல்லும் குரலில் பேசினான். “நீ தமிழ்ல சொன்ன. அத இங்கிலீஷ்ல ஆக்குனது யாரு? ஒவ்வொரு சொல்லா நான்தான செஞ்சேன்? அந்த இங்கிலீஷ் கதை என்னுது மச்சான்.”

“ஸ்டில்லு?”

அவன் காலால் ஒரு சிகரெட் துண்டைத் தேய்த்தான்.

“என்கிட்ட கேட்டிருந்தா வேற கதை குடுத்திருப்பேன் டா. பாம்பு கதை இருக்கு, முதலை கதை இருக்கு...”

“நீ சொன்னா யாரு நம்புவா? நீ எது சொன்னாலும் ஜோக்குன்னுதான் நெனப்பாங்க. நான் சொன்னா நம்புறாங்க. அவ்ளோதான் லா.”

எனக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒரு கிண்டல்கூட வரவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கடைக்கு இறக்க வேண்டிய இறால் பெட்டியை அவன் ஹோட்டல் பின்வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

அதோடு விட்டுவிட்டேன். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, சொல்ல வெட்கம். அவளுக்கு இப்போது ஷா ஆலாமில் ஆபீஸ் வேலை. போன வாரம் ஆபீஸ்காரர்களோடு படகுச் சவாரி போனாள். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றாள்.

“டேய், படகுல ஒரு தமிழ்ப் பையன். நம்ம சேறு கதைய அவனுக்கு நடந்த மாதிரி சொல்றான் டா. பெட்டி மூடி முதக்கொண்டு. எல்லாரும் கை தட்டுறாங்க.”

நான் டிவியைப் பார்த்தேன். “நல்லா சொல்றானா?”

“நல்லாத்தான் சொல்றான். ஆனா அவன் கதையில என்னைக் காணோம். அவங்க அப்பா காப்பாத்துனாராம். நான் அங்க முன்னாடியே உக்காந்துக்கிட்டு நானும் கை தட்டிட்டு வந்தேன். கூட வந்தவங்ககிட்ட என்னான்னு சொல்றது?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகம், அன்றைக்குக் கரையில் நின்றபோது இருந்த மாதிரி, சிரிப்பு இல்லாமல் இருந்தது. நான் ஏமாந்தது என்னோடு போகட்டும் என்று இருந்தேன். அவளை எப்படி அவன் அழிக்கலாம்? மூடிகளைத் தள்ளிவிட்ட கை அது.

அவன் நம்பரை நான் அழிக்கவில்லை. மறுநாள் லோரியை நிறுத்திவிட்டு எழுதினேன். முதலில் எழுதியதில் கெட்ட வார்த்தைகள் அதிகம். அழித்தேன். அடுத்தது கிண்டலாக வந்தது. அதைப் படித்தால் நான் மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். கடைசியில் இதுதான் அனுப்பினேன்:

‘கதைய திருப்பிக் குடுன்னு கேக்கல. வேலையும் நீயே வச்சுக்கோ. படகுல வர்றவங்ககிட்ட அது யாருக்கு நடந்துச்சு, யாரு காப்பாத்துனாங்கன்னு மட்டும் ஒழுங்கா சொல்லு. அது எங்கக்கா.’

படித்துவிட்டான் என்று காட்டியது. பனிக்கட்டி உருகி லோரியின் பின்னாலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பதில் வந்தது:

‘யாராச்சும் கேட்டா சொல்றேன் லா மச்சான், இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.’